வயிற்று மாத்திரை மூக்கை எட்டுமா?

பருவகாலத் தும்மலுக்குச் செரிமான நொதி மாத்திரை: விற்பனை சொல்வதும் அறிவியல் சொல்வதும்

ஊரில் இருந்தவரை தும்மலை ஒரு பொருட்டாகவே நினைக்காத பிள்ளைகள், டாலஸுக்கோ மெல்போர்னுக்கோ போன மூன்றாம் வருடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனில் பேசுகிறார்கள். ‘இங்கே போலன் சீசன்மா’ என்கிறார்கள். குடியேறிகளுக்கு இது வழக்கமாக நடப்பதுதான். புது ஊரின் புல்லோடும் மரத்தோடும் உடம்பு சில பருவங்கள் பழகிய பிறகே மகரந்த ஒவ்வாமை தலைகாட்டும். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் பெட்டியில் சாக்லேட், வைட்டமின் டப்பாக்களோடு இப்போது இன்னொன்றும் வருகிறது: செரிமான நொதி மாத்திரை, அதாவது டைஜெஸ்டிவ் என்சைம். ‘பனி வந்தா உனக்கும் மூக்கு ஒழுகுமே, வெறும் வயித்துல தினம் ஒண்ணு போடு. அலர்ஜி போயிடும்’ என்ற உபதேசமும் கூடவே வருகிறது.

சாப்பாடு செரிக்கப் போடும் மாத்திரை எப்படித் தும்மலை நிறுத்தும்? விற்பவர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். சரியாகச் செரிக்காத புரதத் துணுக்குகள் குடல் சுவர் வழியே ரத்தத்தில் கசிகின்றனவாம். நோய் எதிர்ப்பு அமைப்பு நாள் முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டுகிறதாம். அதனால்தான் மகரந்தத்தைக் கண்டதும் மிரள்கிறதாம். சாப்பாட்டோடு நொதி போட்டால் அந்தச் சுமை குறையும். வெறும் வயிற்றில் போட்டால் நொதி ரத்தத்திலேயே ஏறி, அங்கே திரியும் வேண்டாத புரதங்களைத் தின்று தீர்க்கும் என்கிறார்கள்.

கேட்கக் கோவையாகத்தான் இருக்கிறது. உடம்பு அப்படி வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

தும்மல் பிறக்கும் இடம்

1819ஆம் ஆண்டு லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், ஒவ்வொரு கோடையிலும் கண் அரித்து, மூக்கு ஒழுகி, மூச்சு முட்டிப் படுத்துவிடும் ஒருவரின் நோயை மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். அந்த நோயாளி அவரேதான். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த சார்ல்ஸ் பிளாக்லி அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதைப் பிடித்தார். அவருக்கும் அதே நோய். புல்லின் மகரந்தத்தைத் தன் தோலில் கீறித் தேய்த்துத் தடிப்பு வருகிறதா என்று பார்த்தார். பசை தடவிய கண்ணாடிச் சில்லைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, வானில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணினார். 1873இல் அவர் வெளியிட்ட நூல்தான் மகரந்தத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. இன்று தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கும் அதுவே மூலம்.

மீதிக் கதையை இருபதாம் நூற்றாண்டு நிரப்பியது. மகரந்தத் துகள் ஈரமான மூக்குச் சவ்வில் ஒட்டியதும் அதிலுள்ள புரதம் சில நிமிடங்களில் கரைந்து இறங்குகிறது. சவ்வுக்குள் மாஸ்ட் செல்கள் காத்திருக்கின்றன. அவற்றின் மேல் ஐஜிஇ எனப்படும் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறது. 1960களின் இறுதியில் கண்டறியப்பட்ட இந்த ஐஜிஇ, குறிப்பிட்ட மகரந்தத்தை அடையாளம் காணவென்றே உடம்பு தயாரித்து வைத்தது. இரண்டும் சேர்ந்ததும் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. உடனே அரிப்பு, அடுக்குத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு. சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை: ஈசினோபில் போன்ற அணுக்கள் வந்து குவிந்து சவ்வை வீங்க வைக்கின்றன. இரவில் மூக்கடைத்துக்கொண்டு வாயால் மூச்சுவிடுவது இதனால்தான்.

இத்தனையும் நடப்பது மூக்கின் சவ்வில், விரற்கடை அளவு இடத்துக்குள். மகரந்தம் குடலுக்குள் போய் அங்கிருந்து தும்மலைக் கிளப்புவதில்லை. வயிற்றில் போட்ட நொதிக்கு இந்தச் சண்டையில் நுழைய வாசலே இல்லை.

ஜப்பான் கொடுத்த சாட்சியம்

செரிமான நொதியை மருந்துக்கடைச் சரக்காக்கியவர்களில் முன்னோடி ஜோகிச்சி தகாமினே. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளர். சோயா சாறும் சாக்கே மதுவும் காய்ச்ச ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய கோஜிப் பூஞ்சையை எடுத்து, அது சுரக்கும் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியைப் பிரித்து, 1894இல் காப்புரிமை பெற்றார். ‘டாக்கா டயாஸ்டேஸ்’ என்ற பெயரில் பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை உலகெங்கும் விற்றது. ஜப்பானில் அது எவ்வளவு பரவியது என்றால், நட்சுமே சோசெகியின் ‘நான் ஒரு பூனை’ நாவலில் வரும் வயிற்று நோய்க்கார வாத்தியார் இந்த மருந்தைத்தான் விழுங்கிக்கொண்டிருப்பார். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பசியின்மைக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கிற டானிக் பாட்டிலைத் திருப்பினால் ‘ஃபங்கல் டயாஸ்டேஸ்’ என்றிருக்கும். அந்தக் கோஜிப் பூஞ்சைக் குடும்பத்தின் சரக்குதான் அதுவும்.

அதே தகாமினே 1901இல் அட்ரினலினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்து உலகுக்கு அறிவித்தார். வேர்க்கடலையோ குளவிக் கொடுக்கோ ஒத்துக்கொள்ளாமல் தொண்டை வீங்கி, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடுபவரை இன்றும் காப்பாற்றும் ஊசி அதுதான். ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து செரிமானத்துக்கு ஒரு மருந்தும் கடும் ஒவ்வாமைக்கு இன்னொரு மருந்தும் வந்திருக்கின்றன. இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை என்பதில் மருத்துவ உலகத்துக்கு அன்றைக்கே குழப்பம் இருக்கவில்லை.

ஜப்பானை இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே கூப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மொட்டையான மலைகளில் அந்நாட்டு அரசு சுகி எனப்படும் ஊசியிலை மரத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டது. மரங்கள் வளர்ந்து மகரந்தம் கொட்டத் தொடங்கின. அந்த மகரந்த ஒவ்வாமை பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1964இல் வந்தது. 2019இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் 38.8 சதவிகிதம் பேருக்கு அந்த ஒவ்வாமை இருந்தது. பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர்! 2023இல் அரசாங்கம், பத்தாண்டுக்குள் சுகித் தோப்புகளில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கப்போவதாக அறிவிக்கும் அளவுக்கு இது தேசியத் தலைவலி.

நொதி மாத்திரையைத் தன் வீட்டு மருந்தாகவே வைத்திருக்கும் நாடு அது. நூறாண்டுக்கு மேலாக விழுங்கியும் வருகிறது. மகரந்தத் தும்மலை நொதி அடக்கும் என்றால் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவர்கள் ஜப்பானியர்கள்தான். ஆனால், பிப்ரவரி பிறந்தால் அவர்கள் தேடுவது முகக்கவசம், ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை, மூக்கு ஸ்பிரே, நாக்கின் அடியில் வைக்கும் சுகி மகரந்த மருந்து ஆகியவற்றைத்தான். டயாஸ்டேஸ் இன்றும் வயிற்றுக்கே போகிறது.

‘நொதி இருப்பு தீர்ந்துவிடும்’ என்ற நம்பிக்கை

அப்படியானால் நொதிக்கும் ஒவ்வாமைக்கும் முடிச்சுப் போட்டது யார்? நொதி விற்பனை உலகம் தன் குருவாகக் கொண்டாடுவது எட்வர்ட் ஹோவெல் என்ற அமெரிக்க மருத்துவரை. மனிதனுக்கு நொதி ஆற்றல் பிறவியிலேயே ஓர் அளவாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, சமைத்த உணவைத் தின்று தின்று அந்த இருப்பைச் செலவழித்துவிடுகிறோம், நோயும் முதுமையும் அதனால் வருகின்றன என்பது அவர் வாதம். 1985இல் வெளிவந்த அவருடைய நொதி ஊட்டம் பற்றிய நூல் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

உடலியங்கியல் இதை ஏற்கவில்லை. கணையம் நொதிகளை எங்கிருந்தோ வந்த கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு தினமும் புதிதாகச் செய்கிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கணைய நீர் குடலில் இறங்குகிறது. தேவைக்கு மேல் பல மடங்கு சுரப்பதால்தான், கணையத்தின் கொழுப்பு நொதி இயல்பான அளவில் 10 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிய பிறகே மலத்தில் கொழுப்பு கழியத் தொடங்குகிறது. 1973இல் வெளிவந்த ஆய்வு சொன்ன இந்தக் கணக்கு இன்றும் பாடநூலில் நிற்கிறது. நன்றாகச் சாப்பிட்டு, எடை குறையாமல், மலம் இயல்பாகப் போகிற ஒருவருக்கு ‘நொதி பத்தவில்லை’ என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது.

வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் ஏறி வேலை செய்யும் என்பது அடுத்த வாதம். நொதியும் ஒரு புரதம்தான். உறை போடாத நொதியின் பெரும்பகுதி வயிற்று அமிலத்தில் சிதைந்து, நாம் சாப்பிட்ட முட்டையைப் போலவே செரித்துப் போகும். உறை போட்டது சிறுகுடலில் திறந்து, அங்கே வேலை செய்து, பிறகு தானும் செரிக்கும். அன்னாசியிலிருந்து எடுக்கும் புரோமெலெய்ன் போன்ற சில மட்டும் மிகச் சொற்ப அளவில் ரத்தத்தில் தென்பட்டதுண்டு. ஆனால், புரதத்தை வெட்டும் நொதி எதுவும் ரத்தத்தில் தன்னிஷ்டத்துக்குத் திரியக் கூடாது என்பதற்காகவே அங்கே தடுப்புப் புரதங்கள் இருக்கின்றன. வந்த வேகத்தில் கட்டிப்போட்டுவிடும். செரிமான நொதி கட்டவிழ்ந்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் கடும் கணைய அழற்சி வந்தவரைப் பாருங்கள். அவருடைய நொதி அவருடைய கணையத்தையே செரிக்கத் தொடங்கியிருக்கும். நொதி ரத்தத்தில் திரிவது வரமல்ல, ஐசியூவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆபத்து.

பப்பாளிப் பாலும் தூசி உண்ணியும்

நொதி தும்மலுக்கு உதவாது என்பதோடு கதை முடியவில்லை. நொதியே தும்மலுக்குக் காரணமாவதும் உண்டு.

பல செரிமான மாத்திரைகளில் இருக்கும் பப்பெய்ன், பப்பாளிக்காயின் பாலிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுக்கு இது நன்றாகத் தெரிந்த தொழில். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 ரகங்கள் பால் எடுப்பதற்குப் பெயர் போனவை. விடிந்தும் விடியாத நேரத்தில், முற்றிய ஆனால் பழுக்காத காயின் தோலில் மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள் போடுவார்கள். இரும்புக் கத்தி பட்டால் நொதி கெடும் என்பதால் துருப்பிடிக்காத பிளேடுதான். சில நிமிடங்கள் பால் சொட்டும், பிறகு உறைந்துவிடும். சில நாள் இடைவெளியில் அதே காயில் மறுபடி கீறல். சேர்ந்த பாலைச் சூடு ஏறாமல் உலர்த்திப் பொடியாக்குவார்கள். கறியை மெத்தென்று ஆக்கப் பிரியாணிக் கடைக்காரர் பப்பாளிக்காயை அரைத்துப் பூசுவதும் இதே நொதிக்காக. பால் எடுப்பவர்களின் கைத்தோல் வெந்து புண்ணாவதும் இதே நொதியால். புரதத்தை வெட்டும் நொதிக்கு ஆட்டுக்கறியென்றும் ஆள் விரலென்றும் பேதம் தெரியாது.

இந்தப் பொடி மூச்சில் போனால்? மருந்துத் தொழிற்சாலைகளில் பப்பெய்ன், கணைய நொதி, பூஞ்சை அமைலேஸ் பொடிகளைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு மூக்கொழுகலும் ஆஸ்துமாவும் வந்த கதைகள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. மாவில் பூஞ்சை அமைலேஸ் கலக்கும் பேக்கரிகளில் வேலை செய்வோருக்கும் அப்படியே. 1969இல் பிரிட்டனில், கறை நீக்கும் நொதி சேர்த்த சலவைத்தூள் தயாரித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் ஒவ்வாமை வந்தது ‘லான்செட்’ இதழில் வெளியாக, அதன் பிறகுதான் நொதியைத் தூள் பறக்காத மணிகளாக உறையிட்டு அடைக்கும் முறை வந்தது. பிறவிக் கணைய நோயுள்ள குழந்தைக்காகக் கணைய நொதிப் பொடியை உணவில் கலந்து கொடுத்த பெற்றோர் சிலருக்கே ஆஸ்துமா வந்திருக்கிறது.

இன்னும் நெருங்கி நம் படுக்கையறைக்கே வரலாம். மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. அதைச் செரிக்க அதற்கும் நொதி உண்டு. அது இடும் நுண்ணிய எச்ச உருண்டைகளில் அந்த நொதி மிச்சமிருக்கிறது. வீட்டுத் தூசியில் ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியப் பொருள் இந்த எச்சத்தில்தான் இருக்கிறது என்று 1981இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பிறகு அந்தப் புரதத்தின் கட்டமைப்பை ஆராய்ந்தபோது அது பப்பெய்ன் குடும்பத்தைச் சேர்ந்த செரிமான நொதி என்று தெரிந்தது. மூக்கு, மூச்சுக்குழாய்ச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டியிருக்கும் புரதப் பிணைப்புகளை அது வெட்டி, தனக்கும் பிற ஒவ்வாமைப் பொருள்களுக்கும் உள்ளே வழி திறந்துவிடுகிறது. சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் வருடம் முழுக்கத் தும்முபவர்களில் பலருக்கு எதிரி இந்தச் செரிமான நொதிதான்.

வயிற்றில் இருக்கும்வரை நொதி நண்பன். மூக்கை எட்டினால் அது மருந்தாக எட்டுவதில்லை; ஒவ்வாமைப் பொருளாகவே எட்டுகிறது.

கொஞ்சம் உண்மையும் இருக்கிறது

செரிமானத்துக்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. தொடர்பு இருக்கும் இடம் உணவு ஒவ்வாமை.

ஐரோப்பாவில் பிர்ச் மர மகரந்தம் ஒத்துக்கொள்ளாத பலருக்குப் பச்சை ஆப்பிளைக் கடித்தால் உதடும் நாக்கும் அரிக்கும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சாயலில் ஒரு புரதம் இருப்பதே காரணம். ஆனால், பெரும்பாலும் அரிப்பு வாயோடு நின்றுவிடும். வயிற்றுக்குப் போனதும் அமிலமும் பெப்சின் நொதியும் அந்தப் புரதத்தை உடைத்துவிடுகின்றன. இயல்பான செரிமானம் ஒரு காவல் என்பதற்கு இது நல்ல உதாரணம். மாத்திரையால் இதில் பயன் இல்லை; அரிப்பு வாயில், மாத்திரை திறப்பதோ வயிற்றில்.

அந்தக் காவலைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதை வியன்னா ஆய்வாளர்கள் பல வருடமாகத் தோண்டிவருகிறார்கள். பெப்சின் வேலை செய்ய அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரைகளை எடுத்தவர்கள் சிலரின் ரத்தத்தில் உணவுப் புரதங்களுக்கு எதிரான ஐஜிஇ புதிதாகத் தோன்றியதை அவர்கள் கண்டார்கள். 2019இல் ஆஸ்திரிய மக்களில் பெரும்பாலோரின் காப்பீட்டு ஆவணங்களை அலசியபோது, அமிலம் அடக்கும் மருந்து வாங்கியவர்கள் பின்னர் ஒவ்வாமை மருந்து வாங்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இது மட்டும் நிரூபித்துவிடாது. ஆனாலும், காலையில் காபிக்கு முன்னால் ‘கேஸ் மாத்திரை’ போடுவதைப் பழக்கமாக்கிக்கொண்ட நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் அதை விழுங்குகிறீர்கள் என்றால், நொதி டப்பா வாங்குவதைவிட அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்பது அதிகப் பலன் தரும்.

புரோமெலெய்ன் ஆதரவாளர்கள் காட்டுவது எலி ஆய்வுகளை. முட்டைப் புரதத்தால் ஆஸ்துமா போன்ற நிலை உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது நுரையீரல் அழற்சி குறைந்தது உண்மை. எலி பிழைத்தது என்பது மனிதத் தும்மலுக்குச் சான்றாகாது. கிருமித் தொற்றால் வரும் சைனஸ் அழற்சியில் புரோமெலெய்ன் பற்றிச் சிறு ஆய்வுகள் உண்டு. அது வேறு நோய். மகரந்த ஒவ்வாமைக்கான பன்னாட்டுச் சிகிச்சை நெறிமுறைகளின் பரிந்துரைகளில் செரிமான நொதி இடம்பெறவில்லை.

நம்பிக்கை மட்டுமே ஒரு நொதியை எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு ஜப்பானே மறுபடி பாடம். பட்டுப்புழுவின் குடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்த செர்ராபெப்டேஸை வீக்கம் வடிக்கவும் சளி கரைக்கவும் என்று டக்கேடா நிறுவனம் 1968 முதல் விற்றது. பிற்காலத்தில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது வித்தியாசம் தெரியவில்லை. 2011இல் நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அங்கே விடைபெற்ற அந்த நொதி, நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் வலி மாத்திரையோடு சேர்ந்து இன்னும் எழுதப்படுகிறது.

‘எனக்குக் கேட்டுதே!’

கேட்டிருக்கலாம். டெக்சாஸின் சீடர் மகரந்தம் டிசம்பரில் தொடங்கி பிப்ரவரியோடு ஓய்ந்துவிடும். தும்மல் உச்சத்தில் இருக்கும் ஜனவரியில் டப்பாவைத் திறந்து, ஒரு மாதம் விழுங்கினால், பிப்ரவரி இறுதியில் தும்மல் நிற்கத்தான் செய்யும். மரம் ஓய்ந்தது, பேர் மாத்திரைக்குப் போனது. தவிர, ஒவ்வாமைத் தும்மலில் வெற்று மாத்திரைக்கே கணிசமான பேர் ‘குறைந்திருக்கிறது’ என்பார்கள். அதனால்தான் எந்த மருந்தையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறார்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவில் 1994இல் வந்த சட்டப்படி, உணவுத் துணைப்பொருளை விற்க அது பலன் தரும் என்று முன்கூட்டி அரசிடம் நிரூபித்து அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் நோயைக் குணப்படுத்தும் என்று எழுதக் கூடாது. அதனால் டப்பாவின் முன்பக்கம் ‘பருவகால நலனுக்குத் துணை’ என்று நழுவலாக எழுதி, ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். பின்பக்கம் அந்த நட்சத்திரத்தைத் தேடினால், இந்தக் கூற்றை அரசு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை, எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ இது உரியதல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். விற்பவரே எழுத்தில் கைகழுவிவிட்ட பொருள் அது. அதே நாட்டில் கணைய நொதி மருந்துகள் 2010 முதல் முறையான அனுமதி பெற்றே விற்கப்பட வேண்டும். மருந்து என்றால் ஒரு சட்டம், துணைப்பொருள் என்றால் ஒரு சட்டம்.

இந்தியாவிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, இத்தகைய துணைப்பொருள்களின் உறையில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட வேண்டும். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதோடு இந்த வரியையும் வாசியுங்கள்.

நம் ஊர்த் தும்மல்

அமெரிக்காவின் மகரந்தப் பருவத்தை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது. இங்கே மழை ஓய்ந்த மார்கழியில் சுவரில் பூஞ்சை பூக்கும். ஈரத்தில் தூசி உண்ணி பெருகும். பின்னாலேயே போகிக்கு வீடு ஒட்டடை அடித்து, பழைய பாயையும் டயரையும் கொளுத்துவோம். ‘பனி ஒத்துக்கலை’ என்று நாம் சொல்வதில் பனியின் பங்கைவிடப் பூஞ்சைக்கும் தூசிக்கும் புகைக்கும் பங்கு அதிகம். மகரந்தத்தில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் முக்கியமானவை. 1950களில் புனே பக்கம் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் இன்று நாடெங்கும் காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. பெங்களூரில் நடந்து 1991இல் வெளியான ஆய்வில் நகர மக்களில் 7 சதவிகிதம் பேர் பார்த்தீனிய மூக்கழற்சியால் அவதிப்படுவதாகத் தெரிந்தது.

ஆனால், நம்மிடம் இது எல்லாவற்றுக்கும் ‘சைனஸ்’ என்று ஒரே பெயர். ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் கூடியிருந்தால் ‘ஈசினோபிலியா’. என்ன ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்காமலே மாத்திரை மாறிக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நொதி டப்பாவும் நுழைகிறது.

என்னதான் செய்வது?

முதல் வேலை, எதிரி யார் என்று தெரிந்துகொள்வது. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ ரத்தத்தில் குறிப்பிட்ட ஐஜிஇ பரிசோதனையோ அதைச் சொல்லும். தூசி உண்ணி என்றால் தலையணை உறை, படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்பது, மெத்தைக்கு நெருக்கமான நெசவு உறை போடுவது.

எப்போதாவது தும்முபவருக்கு செட்ரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரைகள் போதும். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாற்றோடு போட்டால் சரியாக உறிஞ்சப்படாது; தண்ணீர்தான். செட்ரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் சிலருக்குக் கடும் அரிப்பு வரும் என்று 2025இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை மனநிலையைப் பாதிக்கலாம் என்று 2020இல் கடுமையான எச்சரிக்கை வந்தது. தூக்கம் கெட்டாலோ, குழந்தை வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொடர் மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் முதன்மை மருந்து. ‘ஸ்டீராய்டா!’ என்று பயப்பட வேண்டாம். அளவு மிகச் சிறியது, வேலையும் மூக்கோடு நிற்கும். அடிக்கும் முறைதான் முக்கியம். தலையைச் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடக்கையாலும் இடது மூக்குக்கு வலக்கையாலும், நுனியைக் காதுப்பக்கம் பார்க்கும்படி சாய்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு ரகம். ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது எளிய, பலனுள்ள வழி. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான உப்பு. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள்.

இவை எதற்கும் அடங்காதவர்களுக்கு ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. லண்டனில் 1911இல் லெனார்ட் நூன் தொடங்கிவைத்த முறை. ஊசியாகவோ நாக்கின் அடியில் வைப்பதாகவோ மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்க வேண்டும். நோயின் போக்கையே மாற்றக்கூடியது இது ஒன்றுதான்.

தும்மலோடு இளைப்பும் சேர்ந்தால் விளையாட்டு வேண்டாம். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழைக்கு முன் வீசிய காற்றில் புல் மகரந்தம் பொடிப்பொடியாகி நுரையீரலுக்குள் புகுந்ததில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். இந்திய, ஆசிய வம்சாவளியினர் அதிக விகிதத்தில் பாதிக்கப்பட்டதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அங்கே உங்கள் பிள்ளை இருந்தால், அவர் கையில் இருக்க வேண்டியது இன்ஹேலர்.

நொதி யாருக்கு வேண்டும்? யார் தள்ளி நிற்க வேண்டும்?

• நாள்பட்ட கணைய அழற்சி, கணைய அறுவை சிகிச்சை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்குக் கணைய நொதி கட்டாய மருந்து. மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டோடு.

• பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறவர்களுக்கு லாக்டேஸ் நொதி உதவும். பால் புரத ஒவ்வாமைக்கு உதவாது.

• கணைய நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவர்களும் முஸ்லிம்களும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

• ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் புரோமெலெய்ன், செர்ராபெப்டேஸ் வகையைத் தாமாக எடுக்கக் கூடாது.

• அன்னாசி, பப்பாளி ஒத்துக்கொள்ளாதவர்கள் அவற்றின் நொதி கலந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

• சில செரிமான மாத்திரைகளில் கரித்தூள் சேர்ந்திருக்கும். அது கூடவே போடும் மற்ற மருந்துகளையும் உறிஞ்சிக்கொள்ளும்.

• காப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் கொட்டும்போது மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு டப்பா வீட்டில் இருந்தால் அன்பளிப்பை மறுக்க வேண்டாம்; ஆனால், அதை நம்பி ஸ்பிரேயையோ இன்ஹேலரையோ நிறுத்தாதீர்கள். செரிமானத்தில் கோளாறு இருந்தால் வயிற்று மருத்துவரையும், தும்மல் வாட்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ ஒவ்வாமை மருத்துவரையோ பாருங்கள். நொதி டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தை ஒருமுறை ஒவ்வாமைப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தாலே பாதி வைத்தியம் முடிந்தது.